பெயர்வெளிக்கு என்ன பெயர் வைப்பது? எக்ஸ்எம்எல் பழகும் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், "பேர்" என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின், அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தின், பதிவேட்டில் "பேர்" என்றால் குழந்தையின் பெயர். "நிறை" என்பதும் அப்படித்தான். அங்கே கொழுந்தின் நிறை, இங்கே பிள்ளையின் நிறை. இரண்டும் தனித்தனி எக்ஸ்எம்எல் (தரவைப் பெயரிட்ட குறிகளுக்குள் எழுதும் முறை) கோப்புகளாக இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. மாத முடிவில் இரண்டையும் ஒரே கோப்பாக்கி அனுப்பச் சொன்னால், நிறைகளைக் கூட்டும் நிரல் கொழுந்தோடு குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

இதைத் தடுக்க வந்ததுதான் நேம்ஸ்பேஸ், தமிழில் பெயர்வெளி. எக்ஸ்எம்எல் 1998 பெப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. பெயர்வெளிக்கான விதிகள் மறு ஆண்டு ஜனவரியில் வந்தன. விதி சின்னதுதான்: உங்கள் சொற்தொகுதிக்கு உலகில் வேறு யாரும் வைத்திராத ஓர் அடையாளத்தை, யூஆர்ஐ வடிவில், அதாவது இணைய முகவரி போன்ற எழுத்துச் சரமாக, கொடுங்கள். கோப்புக்குள் அந்த நீண்ட அடையாளத்துக்குப் பதிலாகச் சின்ன முன்னொட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

விதி சுலபம் என்றாலும் அந்த அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒருமுறை வைத்துக் கோப்புகளை வெளியே அனுப்பிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே தொடக்கத்தில் அரை மணி நேரம் யோசிப்பது வீண்போகாது.

ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் இணைய முகவரிகளையும் எக்ஸ்எம்எல் குறியீடுகளையும் ஒலிபெயர்த்துத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கோப்பில் தட்டும்போது அவை ஆங்கில எழுத்தில் வரும். எலிமென்ட் (கோப்பில் தரவைச் சுற்றி நிற்கும் குறி) பெயர்களும் முன்னொட்டுகளும் மட்டும் உண்மையிலேயே தமிழில் இருக்கலாம், எக்ஸ்எம்எல் அதை அனுமதிக்கிறது.

<தொகுப்பு
  எக்ஸ்எம்எல்என்எஸ்:தே="எச்டிடிபி://எக்ஸாம்பிள்.ஓஆர்ஜி/2025/செக்ரோல்"
  எக்ஸ்எம்எல்என்எஸ்:பி="எச்டிடிபி://எக்ஸாம்பிள்.ஓஆர்ஜி/2025/பிள்ளைக்காம்பரா">
  <தே:நிறை>18</தே:நிறை>
  <பி:நிறை>11.2</பி:நிறை>
</தொகுப்பு>

இப்போது இரண்டு நிறையும் இரண்டு வெவ்வேறு பெயர்கள். நிரல் பார்ப்பது முன்னொட்டை அல்ல, முன்னொட்டுக்குப் பின்னால் நிற்கும் நீண்ட அடையாளத்தை.

அந்த அடையாளம் இணைய முகவரி மாதிரி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். "அந்தப் பக்கம் திறக்குமா? சிக்னல் இல்லாவிட்டால் கோப்பு வேலை செய்யாதா?" என்று கேட்பார்கள். மஸ்கெலியாப் பக்கத்து மலைச்சரிவில் சிக்னலுக்காக ரோட்டு வளைவு வரை நடப்பவர்களுக்கு நியாயமான பயம்தான். ஆனால் பயம் வேண்டாம். தொழிலாளியின் செக்ரோல் எண்ணைப் பாருங்கள். அது ஆளை அடையாளம் காட்டும், எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் இருக்கிறார் என்று சொல்லாது. பெயர்வெளி அடையாளமும் அவ்வளவே. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் மென்பொருள் அந்த முகவரிக்குப் போவதில்லை, இரண்டு எழுத்துச் சரங்கள் ஒன்றா என்று மட்டும் ஒப்பிடுகிறது. ஆண்ட்ராய்ட் செயலி செய்து பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு லேஅவுட் கோப்பின் தலையிலும் ஸ்கீமாஸ்.ஆண்ட்ராய்ட்.கொம் என்று தொடங்கும் ஒரு வரி ஞாபகம் இருக்கும். இணையம் இல்லாத மடிக்கணினியிலும் அந்தக் கோப்பு வேலை செய்யும்.

படி 1: புதிதாக ஒன்று வேண்டுமா என்று பாருங்கள்

உங்கள் நிரலே எழுதி உங்கள் நிரலே படிக்கும் கோப்பு என்றால் பெயர்வெளி இல்லாமலே இருக்கலாம். இணையத்தளப் புதுப்பிப்புகளைப் பகிரும் ஆர்எஸ்எஸ் 2.0 வடிவத்தின் அடிப்படை எலிமென்ட்டுகள் எந்தப் பெயர்வெளியிலும் இல்லை, அதை உலகமே பயன்படுத்துகிறது. கோப்பு இன்னொருவர் கைக்குப் போகும், இன்னொரு கோப்போடு சேரும் என்று தெரிந்தால் முதல் நாளே வைத்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது என்றால், நிரலின் பார்வையில் எல்லா எலிமென்ட்டுக்கும் பெயர் மாறின மாதிரி.

அடுத்து, வேறு யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர் போன்றவற்றுக்கு டப்ளின் கோர் இருக்கிறது. நடைபாதையை ஜிபிஎஸ் மூலம் பதிய ஜிபிஎக்ஸ், வரைபடத்தில் டிவிஷன் எல்லையைக் குறிக்க கேஎம்எல். இவற்றைப் பயன்படுத்தும்போது அவர்களுடைய அடையாளத்தை ஓர் எழுத்தும் மாறாமல் பிரதி எடுங்கள். டப்ளின் கோரின் அடையாளம் 1.1 என்பதற்குப் பிறகு ஒரு சாய்கோட்டோடு முடியும். அந்தச் சாய்கோட்டை விட்டால் அது டப்ளின் கோர் இல்லை.

இன்னொருவரின் பெயர்வெளிக்குள் உங்கள் சொந்த எலிமென்ட்டைச் சொருகாதீர்கள். கேஎம்எல் கோப்பில் கொழுந்து நிறை எழுத வேண்டுமென்றால் அதற்கு உங்கள் பெயர்வெளியைச் சேர்த்து, உங்கள் முன்னொட்டோடு எழுதுங்கள்.

படி 2: எந்த மண்ணில் நட்டுவைப்பது

அடையாளம் உலகில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் உலகம் முழுவதையும் தேடிப் பார்த்து உறுதி செய்ய முடியாது. அதனால் ஏற்கெனவே உங்களுக்கு மட்டும் உரிய ஒரு பெயரை அடியில் வைத்து, அதன் மேல் கட்டுகிறோம். உங்களுக்கு உரியது எது? இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

சொந்த டொமைன் இருந்தால் யோசனையே வேண்டாம், அதில் தொடங்கும் எச்டிடிபி அடையாளம்தான் சிறந்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டொமைன் "வாங்கினேன்" என்று சொன்னாலும் அது வாடகைக்கு எடுத்ததுதான். .எல்கே ஆகட்டும், .ஓஆர்ஜி ஆகட்டும், காலம் முடியும்போது புதுப்பிக்காவிட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். அவர் தற்செயலாக உங்கள் அடையாளத்தையே உருவாக்கிவிடக் கூடாது என்றுதான் நடுவில் ஆண்டைப் போடச் சொல்கிறார்கள். 2025 என்று போட்ட பாதையை 2031இல் வந்த புதிய உரிமையாளர் தன்னுடையதாக்க நினைக்க மாட்டார். டபிள்யூ3சியும் இதைத்தான் செய்கிறது. பட வடிவமான எஸ்விஜியின் அடையாளத்தில் 2000, இணையப்பக்க வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல்லில் 1999.

பாடசாலையோ சங்கமோ தொண்டு நிறுவனமோ டொமைன் வைத்திருந்தால், தளத்தைப் பராமரிப்பவரிடம் கேட்டு ஒரு பாதையை உங்களுக்கென ஒதுக்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்குவது நல்லது, ஆட்கள் மாறுவார்கள். கேட்காமல் அடுத்தவர் டொமைனில் அடையாளம் கட்டுவது கூடாது. பெரிய நிறுவனங்களின் பெயரை "சும்மா ஒரு பெயர்தானே" என்று போடுவதும் அதே தவறு. பயிற்சிக் குறிப்பில் இருக்கும் எக்ஸாம்பிள்.ஓஆர்ஜியை அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. அந்த டொமைன் எடுத்துக்காட்டுகளுக்கென்று 1999இல் ஒதுக்கப்பட்டது, யாருக்கும் சொந்தமில்லை. மேலே நான் எழுதியிருப்பதையும் பிரதி எடுக்காதீர்கள்.

டொமைன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டேக் யூஆர்ஐ. ஆர்எப்சி 4151 என்ற ஆவணம் 2005இல் இதை வரையறுத்தது. உங்கள் மின்னஞ்சல் முகவரியே அடித்தளம்:

டேக்:பதிவு@எக்ஸாம்பிள்.ஓஆர்ஜி,2025-04:செக்ரோல்

முதலில் டேக், பிறகு மின்னஞ்சல் அல்லது டொமைன், காற்புள்ளி, திகதி, முக்காற்புள்ளி, கடைசியில் உங்கள் விருப்பப்படி ஒரு பெயர். பணம் இல்லை, பதிவு இல்லை, யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை.

திகதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தத் திகதியின் தொடக்கத்தில், அதாவது உலகப் பொது நேரம் நள்ளிரவு 12 மணிக்கு, அந்த மின்னஞ்சல் அல்லது டொமைன் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். நமக்கு அது காலை 5.30. வெறும் 2025 என்று எழுதினால் 2025 ஜனவரி 1 என்று பொருள். மார்ச்சில் தொடங்கிய மின்னஞ்சல் கணக்குக்கு 2025 என்று போடுவது தவறு, 2025-04 என்றோ அதற்குப் பிந்தைய ஒரு நாளையோ போடுங்கள். வருங்காலத் திகதியும் கூடாது. 2025 என்பதும் 2025-01-01 என்பதும் ஒரே நாளைக் குறித்தாலும் ஒப்பிடும்போது இரண்டு வெவ்வேறு அடையாளங்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதன் குறை, உங்கள் மின்னஞ்சல் ஒவ்வொரு கோப்பிலும் ஊர் சுற்றும். சொந்த முகவரியை வெளியே விட விருப்பமில்லை என்றால் திட்டத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழி யூயூஐடி. 128 பிட் எண். 32 பதினாறடிமான இலக்கங்களும் நடுவில் 4 சிறுகோடுகளும். கணினியே உருவாக்கித் தரும், முன்னால் யூஆர்என்:யூயூஐடி: என்று சேர்த்தால் அடையாளம் தயார். இன்னொன்றோடு மோதும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. ஆனால் அதைப் பார்த்து இது செக்ரோலா பிள்ளைக் காம்பராவா என்று எந்த மனிதராலும் சொல்ல முடியாது. நிரல் தானாக உருவாக்கும் பெயர்வெளிகளுக்குச் சரி. கையால் கோப்பைத் திறந்து பார்க்கும் புதியவருக்கு வேண்டாம்.

நிலையான முகவரி தரும் பொதுச் சேவைகளும் உண்டு. பர்ல் என்பது 1995இல் நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சி தொடங்கியது, 2016 முதல் இன்டர்நெட் ஆர்கைவ் நடத்துகிறது. டபிள்யூ3ஐடி இன்னொன்று. உங்கள் பக்கம் எங்கே மாறினாலும் நிலையான முகவரியிலிருந்து அங்கே திருப்பிவிடுவார்கள். பல ஆண்டு வாழப்போகும் திட்டம் என்றால் பாருங்கள்.

யூஆர்என் என்று தொடங்கி அடுத்து உங்கள் தோட்டத்தின் பெயரை நீங்களாகவே போடுவது மட்டும் செல்லாது. யூஆர்என்னுக்கு அடுத்து வரும் பகுதி இணையப் பெயர்களைப் பதியும் ஐயானா அமைப்பில் பதிவான பெயராக இருக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் கோப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் யூஆர்என்:ஓயேசிஸ் என்று தொடங்கும் அடையாளங்கள் வரிசையாக இருக்கும். ஓயேசிஸ் என்ற தர அமைப்பு பதிவு செய்திருக்கிறது, நீங்கள் செய்யவில்லை.

படி 3: மாறக்கூடியது எதையும் உள்ளே வைக்காதீர்கள்

புதியவர் ஒருவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: கம்பனியின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிரதேச சபை, எழுதியவரின் பெயர், கடைசியில் செக்ரோல். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் செக்ரோலைத் தவிர எல்லாமே மாறக்கூடியவை.

நம் பகுதியின் வரலாறே இதற்குச் சாட்சி. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. உள்ளூராட்சியும் அப்படித்தான். அம்பகமுவ ஒரே பிரதேச சபையாக இருந்தது. 2018 தேர்தலில் நோர்வூட்டும் மஸ்கெலியாவும் தனிச் சபைகளாக நின்றன. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிரிந்தன. இவற்றை அடையாளத்தில் எழுதியிருந்தால் ஒவ்வொரு முறையும் "மாற்றலாமா, விடலாமா" என்று சண்டை வரும்.

இதில் ஆழமான ஒரு தவறும் இருக்கிறது. பெயர்வெளி சொல்வது "இந்தச் சொற்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை" என்பதை. "இந்தத் தரவு யாருடையது" என்பதை அது சொல்ல வேண்டியதில்லை. டிக்கோயாவில் ஒரு தோட்டத்துக்கு ஒரு பெயர்வெளி, லிந்துலையில் இன்னொன்றுக்கு இன்னொன்று என்று வைத்தால், இரண்டு தோட்டத்துக் கோப்புகளையும் படிக்கும் நிரல் ஒரே "நிறை"யை இரண்டு அந்நியச் சொற்களாகப் பார்க்கும். ஹட்டனில் உட்கார்ந்து எல்லாத் தோட்டத்தையும் கூட்ட வேண்டியவரின் பாடு என்ன? தோட்டத்தின் பெயர், டிவிஷன், கம்பனி எல்லாம் கோப்புக்குள் தரவாக இருக்கட்டும். பெயர்வெளி எல்லோருக்கும் ஒன்றே.

ஆக மிஞ்சுவது உங்களுக்கு உரிய அடித்தளம், ஆண்டு, பொருளைச் சொல்லும் ஒரு சொல். கோப்பு வகையைக் காட்டும் எக்ஸ்எஸ்டி, எச்டிஎம்எல் போன்ற வால்களும் வேண்டாம். சுருக்கமாக இருந்தால் கையால் தட்டும்போதும் பிழை வராது.

படி 4: எழுத்துக்கு எழுத்து

பெயர்வெளி ஒப்பீட்டில் கருணை கிடையாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. கடைசிச் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் வேறு. இணைய உலாவியில் எச்டிடிபியும் எச்டிடிபிஎஸ்ஸும் ஒரே பக்கத்துக்குப் போகலாம், பெயர்வெளியில் அவை இரண்டு பெயர்கள். "இப்போது எல்லாம் எச்டிடிபிஎஸ்தானே, பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று எஸ்விஜி கோப்பின் அடையாளத்தில் ஓர் எஸ் சேர்த்துச் சேமித்துப் பாருங்கள். உலாவி படத்தை வரையாது. டபிள்யூ3சியின் தளம் பாதுகாப்பான இணைப்புக்கு மாறிய பிறகும் பெயர்வெளி அடையாளங்கள் எச்டிடிபி என்றே இருக்கின்றன. உங்களுக்கு எது வேண்டுமானாலும் வைக்கலாம். ஒன்றை வைத்த பிறகு அதிலேயே நில்லுங்கள்.

அதனால் முழுவதும் ஆங்கிலச் சின்ன எழுத்து, இலக்கம், சிறுகோடு, சாய்கோடு. இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இடைவெளி கூடாது. டேக் அல்லது யூஆர்என் வடிவம் எடுக்காவிட்டால் எச்டிடிபியில் தொடங்கும் முழு முகவரியாகவே எழுதுங்கள். வெறும் "செக்ரோல்" என்று அரைகுறை முகவரி வைப்பதை டபிள்யூ3சி 2000ஆம் ஆண்டிலேயே கைவிடச் சொல்லிவிட்டது.

இனி நமக்கே உரிய சிக்கல். "அடையாளத்தைத் தமிழிலேயே எழுதினால் என்ன?" என்று ஆசைப்படுவது இயல்பு. .இலங்கை என்று முடியும் டொமைன்கூட 2010 முதல் இருக்கிறது. ஆசை நியாயம், நானும் எலிமென்ட் பெயர்களைத் தமிழில்தான் வைப்பேன். பெயர்வெளி அடையாளத்தில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

"கொழுந்து" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தான "கொ" கணினிக்குள் இரண்டு விதமாக இருக்க முடியும். க என்ற எழுத்தும் அதற்கு அடுத்து ஒரே குறியான ஒகரமும், யூனிகோடில் 0பிசிஏ. அல்லது க, அதற்கு அடுத்து கொம்பு, அதற்கு அடுத்து கால், ஆக மூன்று குறிகள். திரையில் இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய எழுத்திலும், கொம்பை முதலில் தட்டும் சில விசைப்பலகை மென்பொருள்களிலும் இரண்டாவது வடிவம் வந்துவிடுகிறது. நமக்கு எந்தச் சொல்லில் இந்த ஒகரமோ, இதேபோல் இரண்டு வடிவம் உள்ள ஓகாரமோ இல்லை? தோட்டம், கொழுந்து, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை. எல்லாவற்றிலும் இருக்கிறது.

சதவீதக் குறி வைத்து எழுதும் முகவரி வடிவத்தில் கூத்து இன்னும் பெரிது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎப்-8 என்ற குறிமுறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக 3 எழுத்து. "கொழுந்து" முதல் வடிவத்தில் 8 குறிகள், ஆகவே 72 எழுத்து. இரண்டாவது வடிவத்தில் 9 குறிகள், 81 எழுத்து. தமிழில் எழுதியதும் சதவீதக் குறியில் எழுதியதும் பெயர்வெளி ஒப்பீட்டில் ஒன்றல்ல. சதவீதத்துக்குப் பின் வரும் இ என்ற ஆங்கில எழுத்து பெரிதாக இருப்பதும் சின்னதாக இருப்பதும்கூட வேறு வேறு. தமிழ் டொமைனையும் அதன் ஆங்கில எழுத்து வடிவத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எலிமென்ட் பெயர்களைத் தமிழில் வைப்பவர்கள் சேமிப்பதற்கு முன் யூனிகோட் ஒழுங்காக்கத்தை, என்எப்சி என்ற வடிவத்தை, ஓட்டிவிடுங்கள். பைதனில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் ஒரு வரியில் செய்துவிடும். இது ஒகரச் சிக்கலைத் தீர்க்கும். "ஸ்ரீ"யைத் தீர்க்காது. பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் பெயரில் வரும் அந்த எழுத்தை ஸவில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶவில் தொடங்கியும் எழுதலாம். திரையில் ஒரே உருவம், என்எப்சி இரண்டையும் தொடாது. எலிமென்ட் பெயரில் ஸ்ரீயைத் தவிர்ப்பதே வழி. முன்னொட்டுக்கும் ஒகர ஓகார எழுத்தைத் தவிருங்கள். மேலே மாதிரியில் "கொ" என்று வைக்காமல் "தே" என்று வைத்தது அதனால்தான்.

படி 5: பதிப்பு எண்ணை எங்கே வைப்பது

எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999இல். 2.0 வந்தது 2007இல், 3.0 2017இல். மூன்றுக்கும் பெயர்வெளி ஒன்றுதான், 1999 என்ற ஆண்டோடு. எந்தப் பதிப்பு என்பதை வேர் எலிமென்ட்டில், அதாவது எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளி எலிமென்ட்டில், ஒரு பண்பு (தொடக்கக் குறிக்குள் எழுதும் பெயரும் மதிப்பும்) சொல்லிவிடுகிறது. கேஎம்எல் வேறு பாதையில் போயிற்று. 2.0, 2.1, 2.2 என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம், கூகுள் எர்த்தின் பெயரில். 2008இல் அது, புவித்தரவுத் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பின் தரமானபோது அடையாளம் ஓபன்ஜிஐஎஸ் டொமைனுக்கே மாறியது. கேஎம்எல் படிக்கும் மென்பொருள் எழுதுபவர் எல்லாவற்றையும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

முதல் வழியையே பிடியுங்கள். புதிதாக ஓர் எலிமென்ட் சேர்த்தால் பெயர்வெளி மாற வேண்டாம். செக்ரோலில் சாக்கு நிறைக்கும் ஈரத்துக்கும் வெட்டும் "கழிவு" என்ற எலிமென்ட்டைப் பிறகு சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அது நல்ல சேர்க்கை, வெட்டினது எவ்வளவு என்று எழுத்தில் நிற்கட்டும். பழைய நிரல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகும், ஒன்றும் உடையாது. ஆனால் "நிறை" என்பது நேற்றுவரை றாத்தலில் இருந்து இன்று கிலோவுக்கு மாறினால், பெயர் அதேதான், பொருள் வேறு. பழைய நிரல் அமைதியாகத் தவறான கணக்குப் போடும். அப்படி நேர்ந்தால் மட்டும் புதிய அடையாளம். அதற்கும் முன்யோசனையாக, அலகை ஒரு பண்பில் எழுதி வைத்திருந்தால் அந்தத் தேவையே வராது.

படி 6: முன்னொட்டு

முன்னொட்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சின்னதாக, படிக்கக்கூடியதாக இருந்தால் போதும். நீங்கள் "தே" என்று வைத்ததை இன்னொருவர் "டீ" என்று வைத்தாலும், பின்னால் அடையாளம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே. எக்ஸ்எம்எல் என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் முன்னொட்டு மட்டும் கூடாது, அவை ஒதுக்கப்பட்டவை.

முன்னொட்டே இல்லாமல் இயல்பு பெயர்வெளி அறிவித்தும் எழுதலாம். அப்போது இரண்டு பொறிகள் உண்டு. இயல்பு பெயர்வெளி எலிமென்ட்டுகளுக்கு மட்டும்தான், முன்னொட்டு இல்லாத பண்புகள் எந்தப் பெயர்வெளியிலும் சேராது. அடுத்தது எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழியான எக்ஸ்பாத் 1.0. கோப்பில் முன்னொட்டு இல்லாமல் "நிறை" என்று இருப்பதைப் பார்த்து எக்ஸ்பாத்திலும் "நிறை" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எக்ஸ்பாத்துக்கு அது பெயர்வெளியே இல்லாத நிறை. நிரலில் ஒரு முன்னொட்டை உங்கள் அடையாளத்தோடு கட்டி, அந்த முன்னொட்டோடு தேடுங்கள். "கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, தேடினால் காலியாக வருகிறது" என்று யாராவது வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

படி 7: அந்த முகவரியில் ஏதாவது வைக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எச்டிடிபி அடையாளம் வைத்தவர்கள் வைத்தால் நல்லது, ஏனென்றால் ஆர்வமுள்ள யாராவது உலாவியில் தட்டிப் பார்ப்பார்கள். சாதாரண ஒரு பக்கம் போதும்: இது என்ன சொற்தொகுதி, ஒவ்வொரு எலிமென்ட்டும் எதைக் குறிக்கிறது, அலகு என்ன, ஒரு மாதிரிக் கோப்பு, யாரைத் தொடர்பு கொள்ளலாம். தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

கோப்பைச் சரிபார்க்கும் ஸ்கீமா எங்கே இருக்கிறது என்று சொல்ல ஸ்கீமாலொக்கேஷன் என்ற தனிப் பண்பு இருக்கிறது. பெயர்வெளி அடையாளத்தை அந்த வேலைக்கு இழுக்காதீர்கள். உங்கள் நிரல் ஒவ்வொரு முறையும் இணையத்தில் எதையாவது இறக்கிப் பார்க்கும்படியும் எழுதாதீர்கள். ஸ்கீமாவை நிரலோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். டபிள்யூ3சி 2008இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: ஆண்டுக்கணக்கில் மாறாத டிடிடி (பழைய வகை ஸ்கீமா) கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி வேண்டுகோள்கள் வரை அவர்களின் கணினிக்கு வந்துகொண்டிருந்தன. நம் பக்கத்தில் மழை நாளில் இணைப்பு விழுந்தால் அப்படி எழுதின நிரல் அங்கேயே நின்றுவிடும்.

படி 8: சோதித்துப் பாருங்கள், பிறகு அனுப்புங்கள்

அடையாளத்தை ஓர் உரைக் கோப்பில் தனி வரியாக எழுதி, குழுவில் எல்லோரும் அங்கிருந்தே பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சில கைபேசி விசைப்பலகைகள் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும், வரி முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். பைதனின் எலிமென்ட்ட்ரீயில் கோப்பைத் திறந்து வேர் எலிமென்ட்டின் பெயரை அச்சிட்டால், சுருள் அடைப்புக்குள் முழு அடையாளமும் அதன் பின் எலிமென்ட் பெயரும் வரும். இரண்டு பேரின் கோப்புகளை இப்படித் திறந்து, இரண்டும் சமமா என்று நிரலையே கேளுங்கள். கண்ணால் பார்த்து ஒப்பிட்டால் போதாது.

ஏற்கெனவே தவறான அடையாளத்தோடு கோப்புகள் வெளியே போய்விட்டன என்றால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: உண்மையில் எதுவும் உடைகிறதா, இல்லை அழகாக இல்லை என்பது மட்டும்தானா? கம்பனிப் பெயர் பழையதாகிவிட்டது, ஆண்டு பழையது என்பதெல்லாம் மாற்றுவதற்குக் காரணம் ஆகாது, அப்படியே விடுங்கள். அடுத்தவர் டொமைனில் வைத்துவிட்டீர்கள், அவர்கள் எதிர்க்கிறார்கள் என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது படிக்கும் நிரலில் பழையது, புதியது இரண்டையும் ஏற்கச் செய்து அதை முதலில் எல்லோருக்கும் அனுப்புங்கள். எல்லாத் தோட்டத்திலும் அது வந்து சேர்ந்த பிறகுதான் எழுதும் நிரலைப் புதிய அடையாளத்துக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் பழைய நிரல் வைத்திருப்பவர் புதிய கோப்பைத் திறந்து, அந்த மாதம் ஒரு கிலோ கொழுந்துகூட வரவில்லை என்று கணக்கு அனுப்புவார். ஏற்கெனவே சேமித்து வைத்த பழைய மாதக் கோப்புகளைத் திருத்தப் போகாதீர்கள், இரண்டையும் ஏற்கும் நிரல் அவற்றையும் படித்துக்கொள்ளும்.